புல்லும் களையும்: இந்திய மேய்ச்சல் நிலங்களில் களை அறிதலும் களைதலும்

முன்னுரை

வயலில் களை எது என்ற வினாவிற்கு விடை எளிது. உழவர் விதைக்காமல் முளைத்து, விதைத்த பயிரின் உணவையும் நீரையும் பங்கிட்டுக் கொள்வது களை. ஆனால் புல்வெளியில் இவ்விடை பயன்படுவதில்லை. அங்கு விதைத்தவர் எவருமிலர். முளைத்தவை அனைத்தும் தாமே முளைத்தவை. ஆகவே மேய்ச்சல் நிலத்திலும், புல்லை அறுத்து உலர்த்திச் சேமிக்கும் உலர்புல் நிலத்திலும் எதனைக் களை என்பது, யார் அதனை முடிவு செய்வது என்னும் வினாக்கள் எழுகின்றன. அம்முடிவு பிழைபட்டால் களையெடுப்பும் பிழைபடும்.

இந்தியப் புல்வெளிகளில் கடந்த இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பரவிய சப்பாத்திக்கள்ளி, பார்த்தீனியம், சீமைக்கருவேல் ஆகிய மூன்று அயற்செடிகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, களை அறிதலுக்கும் களைதலுக்கும் உள்ள உறவை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. புதிதாக வந்த செடிக்கு மக்கள் இட்ட பெயர்களும் இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பெயரிடுதல் அடையாளம் காணுதலின் முதற்படி என்பதே அதற்குக் காரணம்.

தமிழ் மரபில் களையும் புல்லும்

தமிழில் ‘களை’ என்பது பெயராகவும் வினையாகவும் வழங்கும் சொல். களைதல் என்பது நீக்குதல். களை என்பது நீக்கப்படுவது. செடியின் இயல்பு எதனையும் இச்சொல் குறிக்கவில்லை. செடிக்கும் மனிதச் செயலுக்கும் இடையே உள்ள உறவையே குறிக்கின்றது. எந்தச் செடியும் பிறப்பால் களையன்று என்னும் கருத்து இச்சொல்லமைப்பிலேயே உள்ளடங்கியிருக்கிறது எனலாம்.

திருக்குறளின் உழவு அதிகாரம் ஏரடித்தல், எருவிடுதல், களையெடுத்தல், நீர்பாய்ச்சுதல், காத்தல் ஆகியவற்றை ஒரு குறளில் (1038) நிரல்படக் கூறுகின்றது. செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறள் (550) கொடியோரை வேந்தன் ஒறுத்தலுக்குப் பசும்பயிரில் களையெடுத்தலை உவமையாக்குகின்றது. இரண்டும் பயிர்நிலத்தைப் பற்றியன. பயிர் இன்னது என்பது அங்கு முன்னரே தெரியும். ஆதலின் களை இன்னது என்பதில் ஐயம் எழவில்லை.

புல்லைப் பற்றிய தெளிவான வரையறையைத் தொல்காப்பிய மரபியல் தருகின்றது. புறத்தே வன்மை உடையவை புல், அகத்தே வன்மை உடையவை மரம் என்பது அதன் பகுப்பு. இன்றைய தாவரவியலின் பகுப்போடு இது முற்றும் ஒத்துப்போக வேண்டிய தேவையில்லை. ஆயினும் தண்டினை வெட்டிப் பார்த்து அறியத்தக்க ஒரு பண்பை அடிப்படையாகக் கொண்டு பகுத்தனர் என்பது நோக்கத்தக்கது. பயனையோ பயனின்மையையோ கொண்டு பெயரிடாமல், கண்டறியும் பண்பைக் கொண்டு பெயரிட்டனர். இம்முறை கைவிடப்பட்ட இடங்களில் நேர்ந்தவற்றைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

உலர்புல் நிலத்தின் தனித்தன்மை

குசராத்தின் சௌராட்டிரப் பகுதியில் ‘வீடி’ எனப்படும் புல்வெளிகள் உள்ளன. சுதேச அரசுகளின் காலத்தில் மேய்ச்சலுக்குத் தடைவிதித்துக் காக்கப்பட்ட இவற்றுள் பல இன்று வனத்துறையின் பொறுப்பில் உள்ளன. பருவமழை முடிந்ததும் புல்லை அறுத்து, உலர்த்திக் கிடங்கில் சேமித்து, வறட்சிக் காலத்தில் கால்நடைகளுக்கு வழங்குவது இங்குள்ள முறை. மழை பொய்க்கும் ஆண்டுகளில் ஒரு வட்டாரத்தின் மாடுகள் உயிர்வாழ்வது இக்கிடங்குகளைப் பொறுத்தது.

மேய்ச்சல் நிலத்தில் களையை முதலில் அறிவது மாடு. விரும்பாத செடியை அது விட்டுச் செல்லும். மேய்ந்து முடிந்த நிலத்தில் தனித்து நிற்கும் செடியைக் கண்டு மேய்ப்பர் களையை அறிந்துகொள்வர். அறுத்து உலர்த்திய புல்லில் இவ்வசதி பெரிதும் குறைந்துவிடுகின்றது. தண்டும் இலையும் நொறுங்கி ஒன்றோடொன்று கலந்த பின்னர் மாட்டால் தேர்ந்துண்ண இயலாது. எனவே உலர்புல் நிலத்தில் களையறிதல் அறுவடைக்கு முன்னரே நிறைவேற வேண்டும். மாடு செய்த தேர்வை மனிதர் செய்தாக வேண்டும்.

ஒரே புல் ஒரு காலத்தில் தீவனமாகவும் மற்றொரு காலத்தில் தீங்காகவும் அமைவதுண்டு. ஹெட்டரோபோகன் கண்டார்ட்டஸ் என்னும் ஊசிப்புல் இளமையில் நல்ல மேய்ச்சல் புல். விதை முற்றியபின் அதன் முறுக்கிய கூர்நுனிகள் மாட்டின் வாயைப் புண்படுத்தும். ஆட்டின் உரோமத்தில் சிக்கித் தோலையும் துளைக்கும். முன்கூட்டி அறுத்தால் மழையில் புல் அழுகும். காலந்தாழ்த்தினால் சத்துக் குறைந்து ஊசிகள் மிகும். இங்குக் களையெடுப்பு என்பது அறுவடை நாளைத் தேர்வதே ஆகும்.

1973ஆம் ஆண்டு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட, தபத்காவ், சங்கரநாராயணன் ஆகியோரின் இந்தியப் புற்பரப்பு பற்றிய நூல் நாட்டின் புல்வெளிகளை ஐந்து பெருவகைகளாகப் பகுத்தது. மிகைமேய்ச்சலால் ஒரு புல்வெளி படிப்படியாக நலிவதையும் அந்நூல் விளக்கியது. தீபகற்பப் பகுதியில் சிறந்த பல்லாண்டுப் புற்கள் முதலில் மறையும், ஊசிப்புல் பெருகும், பின்னர் மெலிந்த சிறுபுற்கள் இடம்பிடிக்கும். மேலும் நலிந்த நிலங்களில் தகரை போன்று கால்நடை விரும்பாத செடிகள் தழைப்பதைக் காணலாம். களை பல இடங்களில் புல்வெளி நலிவின் காரணமன்று, அதன் அறிகுறி என்பது இதனால் பெறப்படும். மேய்ச்சலை ஒழுங்குபடுத்தாமல் செடியை மட்டும் பிடுங்குவது நோயை விட்டு அறிகுறிக்கு மருந்திடுவதாகும்.

உள்நாட்டுச் செடிகளுக்குப் பொருந்தும் இவ்விளக்கம் கடல்கடந்து வந்த செடிகளுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. தம்மை உண்ணும் பூச்சிகளைத் தாயகத்தில் விட்டுவிட்டு வந்தமையால் அவை தடையின்றிப் பெருகின. அவற்றுள் காலத்தால் முற்பட்டது கள்ளி.

கள்ளி: ஒரு பெயர், பல செடிகள்

சங்க இலக்கியப் பாலைத்திணைப் பாடல்களில் வரும் கள்ளி, இன்று வேலியோரங்களில் காணும் சப்பாத்திக்கள்ளி அன்று. சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியவை பால்வடியும் யூபோர்பியா இனத்தவை. திருகுகள்ளியின் பெயர் பதினேழாம் நூற்றாண்டின் ‘ஹோர்த்தூசு மலபாரிகசு’ வழியாகச் சென்று, லின்னேயசு இட்ட தாவரவியல் பெயரிலும் இடம்பெற்றுள்ளது. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்துக்குரிய ஒபன்ஷியா இனம். கொலம்பசின் பயணத்திற்குப் பின்னரே கிழக்குலகிற்கு வந்தது. முள்ளும் சதைப்பற்றும் ஒத்திருந்தமையால் மக்கள் பழைய பெயரையே புதிய செடிக்கும் நீட்டினர். சங்கப் பாடல்களுக்குச் சப்பாத்திக்கள்ளியின் படத்தை அச்சிடுவது இப்பெயர் மயக்கத்தால் நேரும் பிழை.

இப்பெயர் மயக்கத்தினும் பெரிய மயக்கம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் இருந்தது. ஒபன்ஷியாவில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து கிடைக்கும் செஞ்சாயம் அன்று ஸ்பெயின் நாட்டின் தனியுரிமையாக இருந்தது. 1786ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், புல்லில் வாழும் ஒரு பூச்சியைக் கண்டு அது சாயப்பூச்சியை ஒத்தது எனக் கருதி, இலண்டனிலிருந்த ஜோசப் பேங்க்சுக்கு எழுதினார். அது எதிர்பார்த்த சாயத்தைத் தரவில்லை. எனினும் அம்முயற்சியின் தொடர்ச்சியாகச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்று உருவாயிற்று.

1795ஆம் ஆண்டு கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து சில பூச்சிகளைக் கல்கத்தாவிற்குக் கொணர்ந்தார். அவை உயர்ந்த சாயம் தரும் பூச்சிகள் என நம்பப்பட்டது. உண்மையில் அவை டேக்டைலோபியஸ் சிலோனிகஸ் என்று பின்னர்ப் பெயர்பெற்ற, சாயவளம் குறைந்த வேறோர் இனம். சாயத்தொழில் தோற்றது, ஆனால் பூச்சி பெருகியது. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் அடர்ந்திருந்த ஒபன்ஷியா மோனகாந்தா என்னும் கள்ளி அழிந்தது. 1836 முதல் 1838 வரையிலான ஆண்டுகளில் அதே பூச்சி, இம்முறை கள்ளியை அழிக்கும் நோக்கத்துடனேயே, தென்னிந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டுப் பயன் தந்தது. ஒரு களையை அடக்குவதற்காகப் பூச்சியை வேண்டுமென்றே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசென்று வெற்றி கண்ட முதல் நிகழ்ச்சியாக உயிரியல் கட்டுப்பாட்டு வரலாற்றில் இது குறிக்கப்பெறுகின்றது. அதன் மூலம் ஓர் அடையாளப் பிழை.

அவ்வெற்றிக்கு ஓர் எல்லை இருந்தது. தென்னாட்டு மேய்ச்சல் புறம்போக்குகளிலும் ஊர்ப்புறங்களிலும் பரவியிருந்த மற்றொரு கள்ளியான ஒபன்ஷியா டில்லெனியை அப்பூச்சி உண்ணவில்லை. மக்களுக்கு இரண்டும் சப்பாத்திக்கள்ளியே. பூச்சிக்கோ அவை வெவ்வேறு. வெட்டி எறிந்த ஒவ்வொரு துண்டும் மண்ணில் ஊன்றி மீண்டும் தழைப்பது இச்செடியின் இயல்பாதலின், வெட்டியவர்களே அதனைப் பரப்பினர். 1926ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து டேக்டைலோபியஸ் ஒபன்ஷியே என்னும் பிறிதோர் இனம் கொண்டுவரப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 எக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது என்று உயிரியல் கட்டுப்பாட்டு நூல்கள் குறிக்கின்றன. செடியை இனம் பிரித்தறிந்ததும் பூச்சியை இனம் பிரித்தறிந்ததும் இணைந்த இடத்திலேயே முழு வெற்றி கிட்டியது என்பது இங்குப் புலனாகின்றது.

பார்த்தீனியம்: புல்லல்லாத புல்

கள்ளியின் கதை முடிந்த கால் நூற்றாண்டிற்குள் மற்றோர் அமெரிக்கச் செடி கவனத்திற்கு வந்தது. 1955ஆம் ஆண்டு புனேயில் சேகரிக்கப்பெற்ற பார்த்தீனியத்தை 1956ஆம் ஆண்டு ஆர்.எஸ். ராவ் இந்தியாவிற்குப் புதிய வரவு என அறிவித்தார். மராத்தியில் இதன் பெயர் ‘காஜர் கவத்’. கேரட் புல் என்பது பொருள். நாடெங்கும் வழங்கும் பெயர் ‘காங்கிரஸ் புல்’. இரு பெயர்களிலும் புல் என்னும் சொல் உள்ளது. ஆனால் இது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. இலை கேரட் இலையை ஒத்தது, மலர் வெண்ணிறத்தது, தண்டு வரிகளும் மென்மயிரும் உடையது. புல்வெளியில் இதனைப் புல் என்று அழைப்பது, நீக்க வேண்டியதைக் காக்க வேண்டியதன் பெயரால் அழைப்பதாகும்.

இச்செடி பி.எல். 480 திட்டத்தின்கீழ் வந்த அமெரிக்கக் கோதுமையுடன் இறங்கியது என்பது பரவலான கூற்று. கால வரிசையை நோக்கின் இக்கூற்றை அப்படியே ஏற்க இயலவில்லை. அத்திட்டத்தின்கீழ் இந்தியா செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் 1956 ஆகத்துத் திங்களுக்குரியது; செடியோ 1955இலேயே சேகரிக்கப்பட்டுவிட்டது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கா அளித்த உணவுக்கடன் தானியம் அதற்கு முன்னரே இந்தியாவிற்கு வந்திருந்தது. 1814இல் வெளிவந்த ராக்ஸ்பரோவின் கல்கத்தாத் தாவரத்தோட்டப் பட்டியலிலும், 1880இல் பிராண்டிஸ் சேகரித்த உலர்மாதிரியிலும் இச்செடி இருப்பதாகப் பிற்கால ஆய்வாளர் சுட்டுவர். முன்னர் ஓரிரு இடங்களில் ஒடுங்கியிருந்த செடி தானிய வரவால் புத்துயிர் பெற்றிருக்கலாம். ஒரு குறிப்பிட்ட திட்டத்தின் தலையில் முழுப்பழியையும் ஏற்றுவதற்குச் சான்று போதாது.

இதனால் விளையும் தீங்கில் ஐயமில்லை. பார்த்தினின் என்னும் வேதிப்பொருள் மனிதருக்குத் தோல் அழற்சியை உண்டாக்கும். கால்நடைகள் பொதுவாக இதனைத் தவிர்க்கும். பசியால் உண்டாலும் தீவனத்தில் கலந்து உண்ண நேர்ந்தாலும் பால் கசக்கும். மிகுதியாக உண்டவை இறக்கவும் கூடும். உலர்புல்லில் மாடு தேர்ந்துண்ண இயலாது என்று முன்னர்க் கூறியது இங்கு உயிர்ச்சிக்கலாகின்றது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்ப்பதால் பூத்தபின் பிடுங்குவதில் பயன் குறைவு. மண் ஈரமாக இருக்கும்போது, பூக்குமுன், வேருடன், தோலில் படாதவாறு நீக்க வேண்டும்.

கர்நாடக அரசு 1975ஆம் ஆண்டு இதனைத் தீங்குக்களையாக அறிவித்தது. 1983ஆம் ஆண்டு மெக்சிக்கோவிலிருந்து சைகோகிராமா பைகலரேட்டா என்னும் வண்டு வருவிக்கப்பட்டு, ஆய்வுக்குப் பின் 1984இல் பெங்களூருப் பகுதியில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் அவ்வண்டு சூரியகாந்தி இலையையும் கடிப்பதாகப் புகார் எழுந்தது. பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் பறந்து சூரியகாந்தி இலைமேல் படிந்திருந்த இடங்களில் வண்டு அவ்விலையைக் கடித்தது என்றும், சூரியகாந்தி அதன் இயல்பான உணவன்று என்றும் 1990களின் ஆய்வு காட்டிற்று. இங்கு அடையாளப் பிழை செய்தது வண்டு. அப்பிழையின் காரணத்தை மனிதர் சரியாக அறிந்தமையால் வண்டு களைப்பகைவன் என்னும் நற்பெயரை இழக்கவில்லை.

பார்த்தீனியத்தை நெருக்கி ஒடுக்கும் போட்டிச் செடிகளாகத் தகரையும் அதன் இனச் செடிகளும் விதைக்கப்பட்டன என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. உலர்புல் நிலத்தில் நலிவின் அறிகுறியான தகரை சாலையோரத்தில் களைக்கு மருந்தாயிற்று. களை என்பது உறவைக் குறிக்கும் சொல் என்னும் முற்கூற்றை இது உறுதிப்படுத்துகின்றது.

பன்னி: களை யாருடைய சொல்?

முதலிரண்டு செடிகளும் எவராலும் விரும்பப்படாமல் பரவியவை. அல்லது வேறொரு பயனுக்கென வந்தவை. மூன்றாவது செடியோ புல்வெளியிலேயே அரசால் நடப்பட்டது. கட்சு மாவட்டத்தில் பெரிய ரண் உவர்நிலத்தின் தெற்கே ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் பன்னிப் புல்வெளி உள்ளது. மால்தாரிகள் எனப்படும் மேய்ப்பர் குடியினர் தலைமுறைகளாக இங்குக் காங்கிரேச் மாடுகளையும் எருமைகளையும் வளர்த்து வருகின்றனர். இவர்கள் பேணிய பன்னி எருமை 2010ஆம் ஆண்டு தனி இனமாக ஏற்கப்பட்டது.

1955ஆம் ஆண்டு பன்னி பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. உவர்நிலம் முன்னேறுவதைத் தடுக்கும் நோக்கில் வனத்துறை 1961ஆம் ஆண்டு முதல் புரோசாபிஸ் ஜூலிஃப்ளோராவை இங்கு நட்டது. இதுவே தமிழகத்தின் சீமைக்கருவேல். நாட்டுக் கருவேலோடு ஒப்பிட்டு அதன்முன் ஓர் அடைமொழி சேர்ப்பது பல மொழிகளுக்கும் பொதுவான முறையாக இருந்தது. இந்தியில் இது ‘விலாயத்தி பபூல்’. சீமைக்கருவேல் என்பதன் நேர்ப்பொருள். பன்னி மக்கள் இட்ட பெயரோ ‘காண்டோ பாவள்’. பித்துப்பிடித்த கருவேல் என்பது பொருள். தமிழும் இந்தியும் செடி வந்த இடத்தைக் குறித்தன. மால்தாரிகள் அது நடந்துகொள்ளும் விதத்தைக் குறித்தனர். மரபியலார் போன்று கண்டறிந்த பண்பைக் கொண்டு பெயரிட்டவர்கள் இம்மூவருள் மால்தாரிகளே எனலாம்.

இம்மரத்தின் இனிய நெற்றுகளைக் கால்நடைகள் உண்ணும். விதை செரியாமல் சாணத்துடன் வெளிப்பட்டு எருவோடு முளைக்கும். மேய்ச்சல் நிலத்தில் களையை அறிவது மாடு என்னும் விதி இங்குத் தோற்றது. மாடே களையின் விதைப்பாளர் ஆயிற்று. நெற்றுகளை மிகுதியாக உண்ட மாடுகள் நோயுற்றன. எருமைகள் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. மாடு வளர்ப்பிலிருந்து எருமை வளர்ப்பிற்கு மால்தாரிகள் மாறியதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறுவர். புல்வெளியின் பெரும்பகுதி முட்காடாயிற்று.

அடுத்துக் களைதலில் சிக்கல் எழுந்தது. காடு என அறிவிக்கப்பட்ட நிலத்தில் மரம் வெட்டுவது குற்றம். மேய்ப்பருக்குக் களையாக இருந்தது சட்டத்திற்கு மரம். 2004ஆம் ஆண்டு கரி சுடுவதற்கு அரசு இசைவளித்தபோது வெட்டுதல் பெருகியது. பலர் அதனால் பிழைத்தனர். 2008ஆம் ஆண்டு மீண்டும் தடை வந்தது. கரிக்காக வெட்டப்பட்ட மரம் அடியிலிருந்து பல கிளைகளாகத் தழைத்தது. எனவே வெட்டுதலும் களைதலும் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று. வேரோடு அகற்றி, சில காலம் மேய்ச்சலையும் தடுத்த இடங்களில் புல் மீண்டது. ஆனால் கரியை நம்பி வாழத் தொடங்கிய குடும்பங்களுக்கு அம்மரம் இப்போது களையன்று என்பதையும் மறைத்தற்கில்லை.

2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தின்கீழ்ப் பன்னிச் சிற்றூர்கள் சமூக உரிமை கோரின. புல்வெளியில் வேலியிட்டு வேளாண்மை செய்வோருக்கு எதிராக மேய்ப்பர் அமைப்பு ஒன்று 2018இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. 2021 மே திங்களில் தீர்ப்பாயம் ஆக்கிரமிப்புகளை அகற்ற ஆணையிட்டதுடன், சமூகக் காட்டு நிலத்தைப் பேணவும் மேலாளவும் மால்தாரிகளுக்கு உள்ள உரிமையையும் குறிப்பிட்டது. தமிழக அரசும் 2022ஆம் ஆண்டு அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. சீமைக்கருவேல் அதில் அடங்கும்.

முடிவுரை

இவ்வாய்வினால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. களை என்னும் தமிழ்ச்சொல் செடியின் இயல்பைக் குறிக்காமல், செடிக்கும் மனிதச் செயலுக்கும் உள்ள உறவைக் குறிக்கின்றது. ஊசிப்புல், தகரை, சீமைக்கருவேல் ஆகியவற்றின் வரலாறு இதனை மெய்ப்பிக்கின்றது.

2. உலர்புல் நிலத்தில் களையறிதல் அறுவடைக்கு முன்னரே முடிய வேண்டும். மேய்ச்சலில் மாடு செய்யும் தேர்வு உலர்புல்லில் நிகழ்வதில்லை.

3. கள்ளியின் வரலாற்றில் முதல் வெற்றி பிழையால் நேர்ந்தது. இரண்டாம் வெற்றி இனம் பிரித்தறிந்ததால் நேர்ந்தது. முதல் வெற்றி ஓர் இனத்தோடு நின்றது. இரண்டாவது எஞ்சிய பெருங்களையை அடக்கியது.

4. வழக்குப் பெயர்கள் அடையாளத்திற்கு உதவுவதும் உண்டு, மறைப்பதும் உண்டு. கள்ளியும் காங்கிரஸ் புல்லும் மறைத்த பெயர்கள். பித்துக்கருவேல் உணர்த்திய பெயர்.

5. செடியின் இனத்தை அறிவதோடு களையறிதல் நிறைவுறுவதில்லை. அந்நிலம் எதற்கானது, அதனை நம்பி வாழ்வோர் யார் என்பவற்றையும் அறிய வேண்டும். பன்னியில் வனத்துறை அறியாதது மரத்தின் பெயரன்று. அந்நிலம் காடன்று, புல்வெளி என்பதையே அது அறியத் தவறியது.

புல் புறத்தே வன்மையுடையது என்றார் தொல்காப்பியர். புல்வெளியின் வன்மையோ அதனைச் சூழ்ந்து வாழும் மக்களின் அறிவில் உள்ளது. அவர்கள் செடிகளுக்கு இட்ட பெயர்களை வட்டாரந்தோறும் மொழிதோறும் தொகுத்து ஒப்பிடுவது களையியலுக்கும் சொல்லாய்வுக்கும் ஒருங்கே பயன் தரும் பணியாகும். அத்தகைய தொகுப்பில் தமிழாய்வாளர்க்கும் பங்குண்டு.